உதட்டில் விழுந்த நிழல்

சென்ற ஆடி முதல் செவ்வாயன்று, தாம்பரத்தில் என் மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். குட்டை நரைமுடி டாக்டரம்மா, பேசும்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். 3டி படத்தில் குழந்தையின் மேலுதடு பிளந்து தெரிந்தது.

"டாக்டர், உதடு..." மனைவி அழுதுவிட்டாள்.

"அழாதம்மா. பாப்பா கை குறுக்க இருக்கு, அதோட நிழலா இருக்கலாம். கொஞ்சம் நடந்துட்டு வா, கையை எடுக்கட்டும்."

நடந்து வந்தபின், சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பொறுமையாகத் தேடினார். "உதடு முழுசா இருக்கும்மா."

அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதால் வேறு 3டி படம் எடுக்க முடியவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காக முதல் 3டி படத்தையே கேட்டேன்.

"அதைத் தரமாட்டேன் சார். நிழல்னு சொன்னா உங்க சொந்தக்காரங்க நம்பவா போறாங்க?"

தேதி போட்ட துண்டுச்சீட்டையும் பத்திரப்படுத்துகிறவன் நான். கொடுத்திருந்தால் அந்தப் படத்தையும் கடைசிவரை வைத்திருப்பேன்; அது என்னிடம் இல்லாததே நல்லது.