இதில ஆள் வருது

இது நடந்தது. எனக்கு நடந்தது. போன வருடம் ஜூன் மாதம், மெல்பேர்னில் நடந்தது.

சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "கவலையில மனுசனுக்கு மண்டை குழம்பிப் போச்சு" என்று எனக்கு முன்னாலேயே கதைத்தார்கள். கதைக்கட்டும். நான் டண்டினோங்கில் பஸ் திருத்துகிற மெக்கானிக். பெயர் அருந்தவன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் பிழை என்று சொல்லுகிறவன். என் காதில் ஒரு பிழையும் இல்லை. கண்ணிலும் இல்லை. நம்புகிறவர்கள் வாசியுங்கள். நம்பாதவர்கள் தயவுசெய்து எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள்.

என் மனைவி சயந்தினிக்கு முப்பத்தெட்டு வயது. ஸ்பிரிங்வேலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. லண்டனில் எடுக்கிற ஒரு ரீவி நிகழ்ச்சி. பெயர் வேண்டாம், சொல்லவே எனக்கு விருப்பமில்லை. வெள்ளி நிறக் கோட் போட்ட ஒருவன் வருவான். நீளமான சோபாவில் நடிகை, பாடகர், விளையாட்டு வீரர் என்று மூன்று நான்கு பிரபலங்கள் இருப்பார்கள். அவன் அவர்களை நக்கலடிப்பான். அவர்கள் தங்கள் மானம் போன கதைகளைத் தாங்களே சொல்லுவார்கள். எதிரே இருக்கிற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இடையில் அவன் மைக்கோடு சனத்துக்குள் இறங்கி யாரையாவது வம்புக்கு இழுப்பான். இவ்வளவுதான் நிகழ்ச்சி. சயந்தினி சிரித்து முடித்த பிறகு நான் "என்னவாம்?" என்று கேட்பேன். அவள் விளங்கப்படுத்துவாள். அதற்குள் அடுத்த பகிடி போய்விடும்.

"உங்களோட இருந்து பாக்கிறதுக்குப் பேசாமப் போய்ப் படுக்கலாம்" என்பாள். ஆனால் ஒருநாளும் போய்ப் படுத்ததில்லை.

ஜூன் மூன்றாம் தேதி காலை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள் அப்படியே விழுந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஒப்பரேசன் செய்தார்கள். நான்கு நாளில் தானாக மூச்சு விட்டாள். இரண்டு கட்டில் போட்ட ஓர் அறைக்கு மாற்றினார்கள். ஆனால் கண் திறக்கவில்லை.

"எழும்பலாம், எழும்பாமலும் விடலாம்" என்றார் டொக்டர். இதைச் சொல்ல ஒரு டொக்டர் வேண்டுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதருக்கு முன்னாலேயே கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தேன். எனக்கும் எங்கள் மகள் மிருணாளினிக்கும் அவள் கண் திறக்க வேண்டும். மிருவுக்குப் பதினொரு வயது. எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

"பழகின சத்தங்களைக் கேட்க விடுங்கள், உள்ளே கேட்கும்" என்று ஒரு நேர்ஸ் சொன்னாள். மிரு அன்றைக்கே அந்த நிகழ்ச்சியின் பழைய பாகங்களை எல்லாம் ரப்லெட்டில் இறக்கித் தந்தாள். "ஷீ வில் வேக் அப் ஃபோர் திஸ், அப்பா" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில், திரைக்குப் பின்னால், ஒரு மலேசியத் தமிழர். சூசை என்று பெயர். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திரை எப்போதும் மூடியே இருக்கும். இருமல் மட்டும் கேட்கும். அவருடைய மனைவி மார்கரெட் அன்ரி இடைக்கிடை வெளியே வந்து கதைப்பார். நான் நிகழ்ச்சியின் சத்தத்தைக் குறைக்கப் போனபோது அவர்தான் தடுத்தார்.

"இருக்கட்டும் தம்பி. சிரிப்புச் சத்தம் கேட்டா அவருக்கும் நல்லாருக்கு."

அப்படித்தான் தொடங்கியது.

வேலை முடிந்து வந்து, வைத்தியசாலையின் கார் பார்க்கில் பேய் மாதிரிச் சுற்றி, ஒரு இடம் பிடித்து, மேலே ஏறும்போது வெளியே இருட்டிவிடும். மெல்பேர்ன் குளிர்காலம் தெரியும்தானே. ரப்லெட்டை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

இரண்டாம் நாள். வெள்ளிக் கோட்காரன் ஏதோ சொன்னான். சனம் சிரித்தது. ஓய்ந்தது.

அதன் பிறகு ஒரே ஓர் ஆள் மட்டும் சிரித்தது.

முதலில் விக்கல் மாதிரி மூச்சை உள்ளே இழுத்து... பிறகு கீச்சென்று ஒரு சிரிப்பு. பதினான்கு வருடம் என் பக்கத்தில் இருந்து கேட்ட சிரிப்பு. நான் கட்டிலைப் பார்த்தேன். சயந்தினியின் வாய் மூடியே இருந்தது.

பின்னுக்கு ஓட்டினேன். அதே பகிடி. அதே சனம். அந்தச் சிரிப்பு இல்லை. சரி, எனக்குத்தான் நித்திரை இல்லை என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து வேறோர் இடத்தில் வந்தது.

அடுத்த நாள் மிருவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குப் போனை நோண்டிக்கொண்டு இருந்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"தட்ஸ் அம்மா" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"விசர்க் கதை கதையாதை" என்று ஏசினேன். பிள்ளையை ஏசியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் அது கேட்டது.

இரண்டு நாள் கழித்து சூசை இறந்தார். அந்த நேரம் நான் அங்கேதான் இருந்தேன். ரப்லெட்டில் சனம் பெரிதாகச் சிரித்தது. திரைக்குப் பின்னால் இருமல் நின்றது. மார்கரெட் அன்ரி அவருடைய பெயரை ஒருமுறை கூப்பிட்டார். நேர்ஸ்மார் ஓடி வந்தார்கள். நான் பதறிப்போய் ரப்லெட்டை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகும் ஒரு கணம் சிரிப்புக் கேட்டது.

பிறகும் ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். அவள் எங்கேயோ சிரிக்கிறாள் என்றால் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? டொக்டர்மார் என் கண்ணைப் பார்த்துக் கதைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். சிரிப்பு மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. முதலில் பின்னாலிருந்து வந்தது. பிறகு நடுவிலிருந்து. பிறகு மிகக் கிட்ட.

அவள் விழுந்து பதினோராவது நாள். சரியான மழை. அறையில் நானும் அவளும் மட்டும்.

வெள்ளிக் கோட்காரன் மைக்கை எடுத்துக்கொண்டு சனத்துக்குள் இறங்கினான். கமரா அவன் பின்னால் போனது. நான்காவது வரிசையில் நின்றது.

சயந்தினி இருந்தாள்.

விழுந்த அன்று போட்டிருந்த அதே மஞ்சள் சுவெற்றர். அதை அவசரப் பிரிவில் கத்தரியால் வெட்டி எடுத்து, துண்டு துண்டாக ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்கள். அது என் காரில் கிடந்தது. இங்கே அவள் அதை முழுதாகப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

பக்கத்துக் கதிரையில் ஆள் இல்லை. அவளுடைய ஷாலை விரித்துப் போட்டிருந்தாள்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. அரங்கேற்றமோ கல்யாணவீடோ, அவளை மண்டப வாசலில் இறக்கிவிட்டு நான் கார் விட இடம் தேடிப் போவேன். அவள் உள்ளே போய் ஷாலைப் போட்டு இடம் பிடிப்பாள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "இதில ஆள் வருது."

"மேடம், இது யாருடைய இடம்?" என்று வெள்ளிக் கோட்காரன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"என் கணவருடையது" என்றாள், மருந்துக்கடையில் கதைக்கிற அதே ஆங்கிலத்தில். "கார் பார்க் பண்ணிக்கொண்டு இருக்கிறார்."

சனம் சிரித்தது.

"எவ்வளவு நேரமாக?"

"பதினொரு நாளாக."

சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சோபாவில் இருந்த நடிகை கண்ணீரைத் துடைத்தாள். ஐயோ, அந்தப் பகிடியை எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"சயந்தினி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். கமராவைப் பார்த்தாள்... என்னைப் பார்த்தாள்.

"கதிரையை விட்டிட்டு வாரும். நான் அங்க வரேல்லை. நீர் இஞ்ச வாரும். பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

சிரிப்பு நின்றது. மொத்தமாக. ஒரே நேரத்தில்.

அவள் எழும்பினாள்.

என் கைக்குள் இருந்த அவள் விரல் அசைந்தது. சத்தியமாக அசைந்தது!

வரிசையில் நடந்து வந்தாள். கடைசிக் கதிரையில் ஒரு கிழவர். மண்ணிறக் கம்பளித் தொப்பி. முழங்காலை முன் கதிரையில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள்.

அவர் அசையவில்லை.

"விடுங்கோ ஐயா!" நான் ரப்லெட்டைப் பிடித்து உலுக்கினேன். "காலை எடுங்கோ! அவளை விடுங்கோ!"

விரல் என் உள்ளங்கையை அழுத்தியது. ஒருமுறை. இன்னொருமுறை.

ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் அவளைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒளிப்பதிவு முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது" என்றான் வெள்ளிக் கோட்காரன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் நின்றாள்... என்னைப் பார்த்தாள்... திரும்பிப் போனாள்.

இருந்தாள்.

விரல் தளர்ந்தது.

கட்டிலடியில் மெஷின் கத்தத் தொடங்கியது. இரவு ஏழு நாற்பத்திரண்டு.

முப்பத்தோராம் நாள் அவளுடைய அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. அதுவரை வீட்டில் நாங்கள் ரீவி போடவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மார்கரெட் அன்ரி நூடில்ஸ் பிரட்டி எடுத்துக்கொண்டு ரோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். மிரு தன்னுடைய அறையில் இருந்தாள். எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நடந்ததை எல்லாம் அன்ரியிடம் சொன்னேன். அவர் எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று சொல்லவில்லை.

"போடுங்க தம்பி, பாப்போம்" என்றார்.

பெரிய ரீவியில் அதே பாகத்தைப் போட்டேன். இந்த முறை வெள்ளிக் கோட்காரன் சனத்துக்குள் இறங்கவே இல்லை. கமரா மட்டும் சும்மா ஒருமுறை சனத்தின் மேல் போய் வந்தது. நான்காவது வரிசை வந்தபோது நிறுத்தினேன்.

இருந்தாள். மஞ்சள் சுவெற்றர். மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு இருந்தாள்.

அன்ரி அவளைப் பார்க்கவில்லை. எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனார். வரிசையின் கடைசியில் விரலை வைத்தார். மண்ணிறத் தொப்பிக் கிழவர்.

"இது எங்க வீட்டுக்காரரு" என்றார்.

நான் அந்தத் தொப்பியைப் பார்த்தேன்.

"இந்தத் தொப்பி நான் பின்னுனது தம்பி. சவப்பொட்டியில வச்சு, தலையில மாட்டித்தான் அனுப்புனேன்."

கடைசிவரை ஓடவிட்டோம். பெயர்கள் எல்லாம் போய் முடிந்த பிறகு, அடியில் அந்தப் பாகம் எடுத்த வருடம் வந்தது. 2019. அவள் விழுவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முந்தி. சயந்தினி ஒருநாளும் லண்டன் போனதில்லை. சூசையும் போனதில்லை என்றார் அன்ரி.

நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இனி எனக்கு இங்கே என்ன இருக்கிறது? என்றைக்கோ ஒருநாள் போனால், எனக்கென்று ஓர் இடம் அங்கே இருக்கிறது. மறுபடியும் அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன்.

"அது எனக்குப் பிடிச்சு வச்சிருக்கிற இடம் அன்ரி" என்றேன்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா, ஒன்னு உங்களுக்கு" என்றார். "இன்னொன்னு?"

"என்ன இன்னொன்று?"

"ஷால் ரெண்டு நாற்காலி மேல கெடக்கு தம்பி."

பார்த்தேன். ரப்லெட்டின் சின்னத் திரையில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இங்கே தெளிவாகத் தெரிந்தது. நீளமாக விரித்து, இரண்டு கதிரைகளை மூடியிருந்தாள்.

"அது என்ர."

மிரு. எப்போது வந்தாள் என்று தெரியாது. கதவடியில் நின்றாள்.

"அம்மா சொன்னவ" என்றாள். "தனிய வராம, அப்பாவோட காரில வரட்டாம்."

"எப்ப சொன்னவ?" என்று கேட்டேன்.

"எவ்ரி நைட்."

மார்கரெட் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ரப்லெட்டை உடைத்தேன். ரீவியைக் குப்பையில் போட்டேன். ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மிரு தன்னுடைய அறையில் இருட்டில் இருந்து சிரிக்கிறாள். அவளிடம் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. காரை நான் எடுப்பதில்லை. பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன், பிள்ளை நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். இப்படி எத்தனை நாளைக்கு?

நேற்றுப் பின்னேரம் வந்து பார்த்தேன். பிள்ளை சப்பாத்தும் போட்டு, நல்ல சட்டையும் போட்டு, காருக்குள் முன் சீற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ தெரியாது. நான் ஒளித்து வைத்த கார்த் திறப்பை எங்கே கண்டெடுத்தாள் என்றும் தெரியாது.

"எப்ப அப்பா வெளிக்கிடுறம்?" என்று கேட்டாள்.