அடித்துத் திருத்திய மூன்றாவது சிலிண்டர்

எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவன் அதை ஒரே விதமாகத்தான் சோதித்துப் பார்ப்பான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையை ஒரு சுற்று சுற்றி வருவான். வழியில் நிற்காமல் வந்துவிட்டால் நல்ல வண்டி. அண்ணாமலையாரே சான்றிதழ் கொடுத்த மாதிரி. கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளம், அதில் மாட்டுவண்டிகூட நிற்காமல் வரும் என்பது யாருக்கும் உறைத்ததில்லை. மலையைச் சுற்றுகிறோமே தவிர ஏறுகிறோமா என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அப்படித்தான் ஒரு வேனைச் சோதித்தேன். விற்கிறவர் என் தாய்மாமா. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக கிளார்க். வாத்தியார்களின் லீவு லெட்டருக்கு நம்பர் போட்டுப் போட்டே தேய்ந்துபோயிருந்தேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களை மெட்ராஸுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஏற்றிப்போனால் ராஜா மாதிரி வாழலாம் என்றார் மாமா. அப்படியானால் அவர் ஏன் ராஜாவாக இருக்காமல் வேனை விற்கிறார் என்று கேட்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

பதினோரு பேர் ஏறினோம். பாதி வழியில், அடி அண்ணாமலையில் நாங்களாக நிறுத்தி டீ குடித்தோம். வண்டி அதுவாக எங்கேயும் நிற்கவில்லை. மறுநாளே ராஜினாமா கடிதத்தை ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன்.

அவர் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர்.

"திங்கக்கிழமை வரைக்கும் இது என் டிராயர்லயே இருக்கட்டும். வண்டிய நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் மேல அனுப்புறேன். போன வேலை திரும்பி வராது" என்றார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவாவது ஒரு மெக்கானிக்கைப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை போளூர் ரோட்டுக்குப் போனேன். அங்கே கொட்டகை போட்டிருந்தவர் ராணுவத்தில் லாரி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். மற்ற மெக்கானிக்குகள் பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்து, "இன்ஜின் சிங்கம்" என்பார்கள். இவரிடம் கம்ப்ரஷன் கேஜ் இருந்தது. அதனாலேயே கூட்டம் கம்மி. காசு கொடுத்து உண்மையைக் கேட்க யாருக்குத் தலையெழுத்து?

மாமாவும் கூடவே வந்தார். "தாய்மாமன் மேலயே சந்தேகமா மாப்ள?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். தன் வண்டியைத் தானே காப்பாற்றுவதாக நினைப்பு.

அந்த வேனில் இன்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவே, ஒரு தகர மூடிக்கு அடியில் இருந்தது. மெக்கானிக் மூடியைத் தூக்கி நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் நாலு பிளக்கையும் கழற்றினார்.

"உள்ள காத்து எவ்வளவு அழுத்தமா இருக்குனு முள்ளு காட்டும் சார். நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கங்க."

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். பள்ளிக்கூடத்துச் சம்பாத்தியம். தகர மூடியின் உட்புறத்திலேயே எழுதினேன். மாமா ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடிக்க, அவர் ஒவ்வொரு துவாரமாகக் கேஜை வைத்து அழுத்தினார். 115. 110. மூன்றாவதில் 65. நாலாவதில் 112.

மெக்கானிக் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை மூன்றாவதில் ஊற்றி மறுபடியும் கேஜை வைத்தார். முள் 100-க்கு ஏறியது.

மாமா சீட்டிலிருந்து குதித்து இறங்கி, மலை இருந்த பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா மாப்ள? எண்ணெ இல்லாம காஞ்சி கெடந்திருக்கு, அவ்ளோதான். அறுபத்தஞ்ச அடிச்சிட்டு நூறுனு எழுது."

"ஐயோ, அது தப்புங்க" என்றார் மெக்கானிக். "எண்ணெய் ஊத்துனா ஏறுதுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிபோச்சுனு அர்த்தம். எண்ணெய் சந்த அடைச்சிக்கிட்டு இருக்கு. அது எரிஞ்சி தீந்தா மறுபடியும் அறுபத்தஞ்சுதான். இன்ஜின பிரிக்கணும்."

விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் சுடர் ஏறும்; அதைப் பார்த்தே வளர்ந்த ஊர். இங்கே மட்டும் எண்ணெய் ஊற்றி ஏறினால் நோய் என்கிறாரே என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மெக்கானிக் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. மாமா என்னை ஏமாற்றவில்லை. அவர் நிஜமாகவே நம்பினார். நான்தான் நம்பாமலே நம்பினேன். எப்படியாவது அந்த கிளார்க் நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும் என்று அவ்வளவு வெறி. 65-ஐ அடித்து, மேலே 100 என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் கேட்டார். "வண்டிய பாத்தாச்சா?"

"கருவி வச்சே பாத்தாச்சு சார். எல்லாம் சரியா இருக்கு."

கடிதம் மேலே போனது. வேன் என் கைக்கு வந்தது. அந்த நல்ல மனுஷர் அதோடு விடாமல் முதல் சவாரியையும் அவரே கொடுத்தார்: வாத்தியார்களோடு ஜவ்வாது மலைக்கு ஒருநாள் சுற்றுலா.

போளூர் தாண்டும்வரை நான் ராஜாதான். மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வண்டி இழுப்பு வந்தவன் மாதிரி விட்டுவிட்டு இருமியது. பின்னால் நீலப் புகை. மூன்றாவது வளைவில் நின்றே விட்டது. வாத்தியார்கள் இறங்கி, ஓடிப்போய் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஏற்றம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அந்த வேனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர், "மூடிய தொறங்க, என்னனு பாப்போம்" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே தூக்கினார். இன்ஜினைப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, எண்களைத்தான் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"நூத்திப் பதினஞ்சு, நூத்திப் பத்து, அறுபத்தஞ்ச அடிச்சிட்டு நூறு, நூத்திப் பன்னெண்டு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்க எழுத்தாச்சே."

"ஆமா சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மூன்றாவது எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு, ரிஜிஸ்டரில் தப்பைக் காட்டித் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற அதே குரலில் சொன்னார்:

"அடிச்சித் திருத்தினா பக்கத்துல இனிஷியல் போடணும்னு எங்க எல்லாருக்கும் பதினோரு வருஷமா சொன்னது நீங்கதான?"

சட்டைப்பையில் அந்த சாக்பீஸ் துண்டு இருந்தது. எடுத்து, நூறுக்குப் பக்கத்தில் என் இனிஷியலைப் போட்டேன்.