கீழப்பழுவூருக்குக் கொண்டுபோன மிளகுக் காரம்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து வேறு ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். அரியலூர் விடுதியிலிருந்து என்னைப்போல் சொல்லாமல் கீழப்பழுவூர் போக நேரும் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

அங்கே என் அக்காவுக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சிவேளையில் குளிர் தூக்கிப்போடுகிறது. எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. யுத்தத்தால் ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தும் இல்லை. போன வாரம் டீச்சர் மிளகுப்பொடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வெளிர்மஞ்சள் ஊசிகளாக ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். பெயர் பைப்பரின். மிளகின் காரமே அதுதானாம். பூச்சியைக் கொல்லுமாம். முன்பு வெளிநாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்கும் கொடுத்தார்களாம். கிண்ணம் கழுவும் முறை எனக்கு வந்தது. ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கரி பஸ், பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து ஓடுவது. ஏழு மைல், மூன்றணா. பின்னால் உட்காராதீர்கள், கரிப்புகை கண்ணைக் கரிக்கும். மேட்டில் பஸ் நின்றுவிட்டது.

"எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்றார் டிரைவர். "பாப்பா, நீ தள்ள வேணாம். சாமிய வேண்டிக்க, அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

அக்கா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். "என்னடி இது, நகத்தழுக்காட்டம்? இதுக்கா வூட்டுக்கு ஓடியாந்தே?"

"மிளகோட காரங்க்கா. தேன்ல கொழைச்சுத் தரேன்."

"ஒண்ணுமே உறைக்கலியே" என்றாள். சற்றுப் பொறுத்து, "அய்யோ, எரியுதுடி பாவி!" என்று சிரித்துக்கொண்டே தண்ணீருக்குக் கை நீட்டினாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கிளம்பும்போது, "நாளைக்குக் குளிர் வந்துச்சா இல்லையான்னு பஸ் டிரைவர்கிட்ட சொல்லியனுப்புக்கா" என்றேன்.

"டிரைவர் வந்து சொன்னா வார்டனம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிடுமேடி. ஒன்னைய வெரட்டிடுவாங்க."

"தெரியட்டும். நீ சொல்லியனுப்பு."

போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துப்போங்கள். திரும்பும் பஸ் நான்கு மணிக்கு, அதை விட்டால் கடைசி பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். என்னை நம்பி இந்தப் பொடியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது கேட்குமா என்று எனக்கே தெரியாது.

இன்று குளிர் வரும் முறை. நாற்பது பேர் தூங்கும் கூடத்தில் நான் ஒருத்திதான் விழித்திருக்கிறேன். சேதி வந்தால் என் படிப்பு போகும். வராவிட்டால் அக்காவுக்கு என்ன ஆயிற்றென்று யாரைக் கேட்பேன்? கடைசி பஸ் வந்த சத்தம் கேட்டது. வாசலில் டிரைவர் குரல்போல

கதவைத் தட்டுகிறார்கள். என் பெயரைச் சொல்லித்தான்