உள்முனை மஞ்சள்

மைசூர் மண்டி மொஹல்லாவில் தானிய மண்டிகளுக்குப் பின்னால் பழந்துணி விற்கும் சந்து ஒன்று இருந்தது. அங்கே பாப்பாயியைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. அவள் தலை தெரிந்ததும் சிலர் நல்ல துணியை அடியில் தள்ளி மறைப்பார்கள். அவள் அதைத்தான் முதலில் உருவுவாள்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து கெம்பையனுக்கு வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்தவள். கெம்பையன் மண்டியில் மூட்டை நிறுப்பவர். அவர் போட்டிருந்த கறுப்புக் கோட்டு யாரோ ஒரு வக்கீலுடையது. வெளுத்த புறத்தை உள்ளே திருப்பித் தைக்க வைத்திருந்தாள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மகன் மாரிசாமியின் பூட்ஸ் ஒரு பட்டாளத்துக்காரனின் காலிலிருந்து கழன்றது; விரல்பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டு நடப்பான். நல்ல துணி ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டால் பாப்பாயி அதை மடியில் போட்டு நீவிக்கொண்டே இருப்பாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது.

மாரிசாமிக்குச் சாமராஜநகரில் பெண் அமைந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துணிக்கு ரேஷன். பட்டுநூலெல்லாம் பாராசூட்டுக்குப் போகிறது என்று ஜவுளிக்கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகும், யாரும் உடுத்தாத கோடிச்சீலையை உடுத்திக்கொண்டுதான் பெண் சபைக்கு வரவேண்டும். பெண்ணின் பெரியம்மா சித்தம்மா அதில் மகா கறார். முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை, சீலை ஒருதரம் தண்ணீர் பார்த்தது என்று சொல்லித் தட்டோடு திருப்பியனுப்பியவள்.

"எனக்கு நீ எதை மாட்டிவிட்டாலும் மாட்டிக்கறேன்," என்றார் கெம்பையன். "பொண்ணுக்கு மட்டும் அந்தச் சந்துப் பக்கம் போயிராதே. எவளோ உடுத்துன சீலையைக் கொண்டு வந்தாங்கன்னு பேராச்சுன்னா, நம்ம சாதிசனத்துல இவனுக்குப் பொண்ணு குடுக்க ஆளிருக்காது."

பாப்பாயி ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கினாள். கிடைத்தது எதுவும் சித்தம்மாவின் கண்ணுக்கு நிற்காது. கடைசியில், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சந்துக்குள் நுழைந்தாள்.

பழந்துணிக்காரர் நஞ்சுண்டசாமி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். இளம்பச்சை உடல், அரக்குக் கரை, கொள்ளேகாலத்து நெசவு.

"ஆபீசர் வீட்டம்மா மாத்தலாகிப் போறப்போ குடுத்தது. கட்டவே இல்லக்கா, தேவராணே!"

பாப்பாயி அவர் ஆணையை நம்பவில்லை; தன் கண்ணை நம்பினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இழை விலகவில்லை. முகர்ந்தாள், பாச்சை உருண்டை வாசனை மட்டும். கடைசியாக முந்தியின் முனைகளைப் பிரித்தாள். அவர்கள் வழக்கத்தில் புதுச்சீலையை உடுத்துமுன் முந்தி முனையில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். மஞ்சள் ஏறாத சீலை, உடம்பில் ஏறாத சீலை. முந்தியின் இரண்டு முனையும் சுத்தமாக இருந்தன. அப்படியானால் இது கோடிதான், பெட்டியில் தூங்கிக் கிடந்த கோடி. வீட்டில், தெரிந்த ஆள் மூலமாகக் கடையில் கிடைத்தது என்றாள். அதைப் பொய்யென்று அவள் நினைக்கவில்லை.

நிச்சயத்துக்குப் போகும் ரயில் நஞ்சன்கூட்டைத் தாண்டியது. தட்டில் அடுக்குவதற்காக அவள் சீலையை எடுத்து, முந்தி மேலே தெரியும்படி மடிப்பை மாற்றினாள். இதுவரை மடிப்புக்குள் இருந்த மறுகோடி, இடுப்பில் செருகும் உள்முனை, வெளியே வந்தது.

அதன் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை.

 உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் சிலர் உள்முனையில் மஞ்சள் வைப்பதை இதே மைசூரில் பாப்பாயி பார்த்திருக்கிறாள். பார்த்திருந்தும், கடையில் அவள் கண் பழகிய முனைக்கே போயிருந்தது. அப்படியானால் ஒருத்தி இதை உடுத்தியிருக்கிறாள். அவள் மாற்றலாகித்தான் போனாளா, ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தாளா?

விரலை நாவில் தொட்டுத் தேய்க்கப் போனவள் நிறுத்தினாள். ஈரம் பட்டால் பட்டில் வளையம் விழும். சோப்புப் போட்டால் மஞ்சள் குங்குமமாகச் சிவக்கும். வெயிலில் காயவைத்தால் மங்கும். ஓடும் ரயிலில் வெயிலுக்கு எங்கே போவது?

"என்ன பாப்பாயி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றார் கெம்பையன்.

"ரயில் ஆட்டம் ஒத்துக்கலை மாமா."

எதிரில் மாரிசாமி குனிந்து பூட்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சீலையைப் பழையபடியே மடித்து வைத்தாள்.

பெண் வீட்டில் பாயில் உட்கார்ந்ததுமே சித்தம்மா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங் சம்பந்தி, பொட்டி வாசம் தூக்குதே?"

"இந்தக் காலத்துல பட்டு யாருங்க வாங்கறாங்க? கடையிலயே பாச்சை உருண்டை போட்டுத்தான் வெச்சிருந்தாங்க."

"அதுஞ் சரிதான். மைசூர்க்காரங்க வாய்க்கும் உருண்டை போட்டுத்தான் வெப்பாங்களாட்டம். பேச்சுக் கெடறதே இல்லை!"

பெண்கள் சிரித்தார்கள். சித்தம்மா சிரிக்கவில்லை. முந்தியை உதறி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முனை. அடுத்த முனை. விரலால் நெருடினாள். பாப்பாயி தன் வளையல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கோடிதான்," என்றாள் சித்தம்மா. "மாதேவி, வாங்கிக்க."

மணப்பெண் மாதேவி சீலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கெம்பையன் கோட்டுப் பொத்தானைத் தளர்த்தி மூச்சு விட்டார். அப்போதுதான் பாப்பாயிக்கு உறைத்தது. சீலை உடுத்துகிறவள் கை முதலில் பிடிப்பது எதை? உள்முனையைத்தான்.

"நான் போய் கொசுவம் வெச்சு உடறேன்," என்று சித்தம்மா எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க, நான் போறேனுங்," பாப்பாயியும் எழுந்தாள்.

"நல்லாருக்குது! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணு ரூமுக்குள்ள வரலாங்களா?"

நல்ல வேளையாகப் பெண்ணின் தகப்பன் தொட்டையன் வெற்றிலைக் கூடை எங்கே என்று சித்தம்மாவை மறித்தார். கூடையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஆண்கள் ராகி விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். பாப்பாயியின் காது கதவில் இருந்தது.

"என்ன புள்ளை இது?" என்று உள்ளேயிருந்து சித்தம்மாவின் குரல் உயர்ந்தது.

 மாரிசாமி அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. சித்தம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பாருங்க சம்பந்தி, இந்தக் காலத்துப் புள்ளைக லட்சணத்தை! நான் போய்த் தொடறதுக்குள்ள உள்முனையில மஞ்சளைக் கரைச்சு அப்பி வெச்சிருக்கா. முந்தியில ஒரு பொட்டு வெச்சாப் பத்தாதா? ரண்டு பக்கமும் வெச்சா ரண்டு பங்கு நல்லதாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாயியும் சிரித்தாள், சத்தம் வரவில்லை.

மாதேவி வந்து காலில் விழுந்தாள். தூக்கிவிட்டபோது அவள் விரல்நுனிகளில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தின் அடியில் பழைய கறை ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

தலையில் பூ வைத்துவிடும் சாக்கில் பாப்பாயி அவளைச் சுவரோரமாக நகர்த்தினாள். மாதேவிதான் முதலில் கேட்டாள், உதடு அசையாமல்:

"யாருதுங் அத்தை இது?"

"தெரியலை கண்ணு. உடுத்தாததுன்னு நம்பித்தான் வாங்கினேன். ரயில்லதான் பாத்தேன்." பூச்சரத்தைக் கொண்டையில் செருகினாள். "உம்மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லு. இப்பவே சபையில நானே சொல்லிப்போடறேன். எம்பையன் தலையெழுத்து என்னமோ ஆகட்டும்."

மாதேவி கரையை விரலால் தடவினாள். சபையில் தாம்பூலத் தட்டைத் தூக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை போதும், தட்டு கீழே இறங்கிவிடும்.

"எத்தனைக்கு வாங்குனீங்க?"

பாப்பாயி காதில் சொன்னாள்.

"ஐயோ, அத்தனை சல்லிசாவா!" பெண்ணின் கண் விரிந்தது. பிறகு கையைச் சற்றுத் தூக்கி, ரவிக்கையின் அக்குள் தையலைக் காட்டினாள். "இதும் சந்தையில வாங்குன பழஞ்சீலைதானுங். வெளுத்த பக்கத்தை உள்ள திருப்பி நானே தைச்சேன். பெரியம்மாளுக்குத் தெரியாது."

பாப்பாயி குனிந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. தையல் சீராக இருந்தது.

"இங்க ஒரு விரக்கடை கூட உட்டிருக்கலாம் கண்ணு. கை தூக்குனாப் பிடிக்கும்."

"துணி அவ்வளவுதான் இருந்துச்சுங்."

"அங்கென்ன ரகசியம்?" என்றாள் சித்தம்மா.

"ரவிக்கை யாரு தைச்சதுன்னு கேட்டேனுங். நல்ல கை," என்றாள் பாப்பாயி.

தட்டு மாற்றினார்கள். திரும்பும் ரயிலில் கெம்பையன் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பாத்தியா? கடையில புதுசா வாங்குனதால இன்னைக்குத் தலை நிமிந்து வந்தோம். உன்ற சந்துச் சரக்கா இருந்தா அந்தப் பொம்பளை உட்டிருப்பாளா?"

 பாப்பாயி எட்டி, திருப்பித் தைத்த அவர் கோட்டின் காலரை இழுத்து நேராக்கிவிட்டாள்.