கார் சீட்டைப் படகில் கட்டியவர்

டொரொன்டோவிலிருந்து ஏழு மாத மகனோடு தனியாக வந்தேன். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் இருக்கும் அப்பா இன்னும் பேரனைப் பார்க்கவில்லை. விமானத்தில், பிள்ளையைக் காரில் வாரால் பூட்டி இருத்தும் கார் சீட்டுக்கு இடமில்லை என்று அதைப் பொதிகளோடு அனுப்பிவிட்டார்கள். வழி முழுக்க மகன் என் மடியில்தான். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு தோளில் கார் சீட், ஒரு கையில் தள்ளுவண்டி, நெஞ்சில் பிள்ளையோடு நின்றபோது அழுகை வந்தது.

படகில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம், "தீவில எங்களிட்டைக் கார் இல்லை. இந்தச் சீட்டைத் துறையடிக் கடையில விட்டிட்டு வாறன்" என்றேன்.

ஐம்பது வயதிருக்கும். கறுத்து மெலிந்தவர். எந்த முடிச்சைப் போட்டாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்.

"இண்டைக்குக் காத்து, தங்கச்சி. பிள்ளையைக் கையில வச்சிருக்க ஏலாது. அதைத் தாரும்."

சீட்டைப் படகின் தூணோடு கட்டி இழுத்துப் பார்த்தார். மகனை அதில் இருத்தி வாரைப் பூட்டினேன். நடுக்கடலில் அடித்த அலையில் நான் பலகையிலிருந்து கீழே விழுந்தேன். பதறி எழும்பிப் பார்த்தால் மகன் நல்ல நித்திரை. அவர் பக்கத்தில் குந்தியிருந்து முடிச்சின்மேல் கையை வைத்திருந்தார்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ, அண்ணை?"

"ஓம், மூண்டு பேர். எல்லாரையும் மடியில வச்சுத்தான் இந்தக் கடலால கொண்டு திரிஞ்சனாங்கள். அப்ப பயம் வரேல்லை." மகனைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்பத்தான் வருது."

அவருடைய பிள்ளைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். ஆனாலும் நயினாதீவு வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அன்று அவர் பிடித்திருந்தது என் மகனை மட்டும்தானா என்று இன்றும் யோசிக்கிறேன்.