ரேஷன் கார்டைத் தின்ற நெய்ச்சோறு

வயிற்றை அளக்க எந்த அரசாங்கத்திடமும் கருவி கிடையாது. தரையை அளக்க டேப் இருக்கிறது. அதனால் தரையை அளந்துவிட்டு, பசியை விசாரித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இப்படிப் பேசினால் எனக்கு வாய்த்துடுக்கு என்பார்கள். இருக்கட்டுமே. ஒன்பது வயதில் எங்கள் வீட்டுச் சோற்றில் நானே மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன். இதைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை யாருக்கு?

அப்போது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெரிய பழைய வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அத்தா பஜாரில் அரிசிக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர். அம்மா இன்னொரு கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பாள். தம்பிகள் இருவரையும் சேர்த்து ஐந்து வயிறு. புதிய ரேஷன் கார்டு கொடுத்தபோது எங்களுக்கு வந்தது வெள்ளைக் கார்டு. இல்லாதவர்களுக்கு ரோஸ், இருக்கிறவர்களுக்கு வெள்ளை. ரோஸ் கார்டு என்றால் தலைக்கு இவ்வளவு என்று அரிசி கிடைக்கும். வெள்ளை என்றால் குடும்பத்துக்கே ஏதோ கொஞ்சம், அதுவும் கடையில் இருப்பு இருந்தால். ஏன் வெள்ளை என்று கேட்டால், வீட்டின் பரப்பளவு அதிகமாம்! முன்கட்டு, மாடி, முற்றம் எல்லாம் சேர்த்து எங்கள் தலையில் எழுதிவிட்டான் எவனோ ஒரு புண்ணியவான். படுத்தால் தம்பியின் கால் வாசற்படிக்கு வெளியே கிடக்கும். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரர் கார் வைத்திருந்தார். அவருக்கு ரோஸ் கார்டு. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த வருஷம் கடை அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. ஆந்திராவிலிருந்து லோடு வரவில்லை என்று கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வராமல் என்ன? வந்த மூட்டைகளைத்தானே அத்தா நாள் முழுக்க முதுகொடியச் சுமந்து அடுக்கினார். இன்னும் ஏறட்டும் என்று அரிசி கிடங்கில் காத்திருந்தது. நாங்கள் கப்பைக்கிழங்கைத் தின்றுவிட்டுப் பால் இல்லாத கட்டன் சாயா குடித்தோம். அந்தக் கிடங்கைத் திறந்து பார்க்க எந்த ஆபீசரும் வரவில்லை.

கார்டை மாற்றித் தரச் சொல்லி அத்தா வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை சப்ளை ஆபீசுக்கு நடந்தார். மூன்றாம் தடவை, சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றார்கள். அவர் ஒரு வரி எழுதினால் ரோஸ் கார்டு. தம்பிகளுக்கு மூன்று வேளையும் சோறு. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. வாசலுக்கு வந்தவர் கை நனைக்காமல் போகக் கூடாது. பசி என்று வெளியாளிடம் சொல்லக் கூடாது. அடுத்த வீட்டில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் தொடையில் கிள்ளு விழும்.

எதிர்வீட்டு மாமியின் கணவர் வளைகுடாவில் இருந்தார். அந்த வீட்டுக் கம்பளம், குஷன் நாற்காலி, ஸ்டாண்ட் ஃபேன், தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டுகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே எங்கள் அறைக்கு வந்துவிட்டன. நெய்ச்சோற்றுக்குக் கைமா என்கிற சன்ன அரிசியும் மாமிதான் கொடுத்தார். கோழி அம்மாவின் ஒரு வாரக் கூலி.

அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, நமக்கு வக்கில்லைன்னு பார்க்கத்தான் அவரு வர்றாரு. நீ கல்யாண வீடு மாதிரி ஜோடிக்கிறியே?"

"வக்கில்லைன்னா மரியாதையும் இல்லையா? வந்த மனுஷனை வெறும் வாயோட அனுப்பச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா.

அத்தா எழுந்து குஷன் நாற்காலியை ஃபேனுக்கு எதிரே நகர்த்திப் போட்டார். அவரும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்தானே.

இன்ஸ்பெக்டர் வந்தார். டேப்பை எடுத்து அறையை அளந்தார், குறித்துக்கொண்டார். "ஐயோ, இதொன்னும் வேண்டா சேச்சி" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். ஃபேன் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றியது. கை கழுவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மோளே, வீட்டில் திவசவும் இதாணோ?"

தினமும் இதுதானா என்று கேட்கிறார். அம்மா அடுப்போரம் நின்றாள். எனக்குத் தொடை ஞாபகம்தான் வந்தது.

"ஆ சாரே, திவசவும். சில திவசம் பிரியாணி."

பிரியாணி என் சொந்தச் சரக்கு. அத்தா என்ன செய்வார்? விருந்தாளி முன்னால் மகளைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வார்? இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதினார். எனக்கு மார்க் போடுகிறார் என்று நினைத்தேன்.

இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்க்க அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று தடவை நடந்த அத்தாவின் மனு செல்லாதாம், ஒன்பது வயதுப் பிள்ளையின் பீற்றல் செல்லுமாம். நல்ல நியாயம்!

சில வாரங்களில் கடிதம் வந்தது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மலையாளம் பேச வரும், படிக்க வராது. வீட்டில் நான்தான் படித்தவள். வாசலில் நின்று, எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தேன். நேரில் ஆய்வு செய்ததில் இக்குடும்பம் வசதியானது எனத் தெரிகிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கடைசி வரியை வேகமாகத் தாண்டிவிட்டு, "நாம வசதியான குடும்பமாம் அத்தா. கவர்மெண்டே சீல் வச்சு எழுதியிருக்கு! சட்டம் போட்டு மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"நல்லா வாசிச்சே கண்ணு" என்றார் அத்தா. அம்மா என்னைக் கிள்ளவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றுக்கு முதல் ஆளாகத் தட்டோடு நின்றேன். நாங்கள் வசதியானவர்கள், அரசாங்கமே சொல்லிவிட்டது என்று பின்னால் நின்ற பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தேன். சோறு போடும் சேச்சி என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி போட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதால்தான் அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.