இடது தோளுக்கு ஒரு துப்பாக்கிக் கட்டை

சர்க்கரையால் என் கணவருக்கு வலது கண் பார்வை போனது. வேலை நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ரைஃபிள் கிளப்புக்குப் போக முடியாததுதான் அவரை முடக்கிப் போட்டது. அவருடைய ஏர் ரைஃபிள் பீரோவின் மேல் கிடந்தது. இடது கண்ணால் குறி பார்க்க இடது தோளுக்கு மாற்றிப் பாருங்களேன் என்றால், துப்பாக்கியின் மரக்கட்டையில் கன்னம் பதிக்கும் மேடு எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கம்பெனி குவார்ட்டர்ஸ் பராமரிப்பில் நான் தச்சு வேலை பார்க்கிறேன். அப்பா இறந்தபோது வாரிசாகக் கிடைத்த வேலை. பகலெல்லாம் கரையான் தின்ற கதவுநிலைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் மரத்தைத் தொட எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காண்பது அதைவிட அலுப்பாக இருந்தது.

வடலூர் மரவாடியில் ஒரு வேங்கைத் துண்டைக் கேட்டேன்.

"கட்டில் காலுக்காம்மா?"

"துப்பாக்கிக் கட்டைக்குங்க."

"யாரைச் சுடப் போறீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர். காசை எண்ணி வைத்துவிட்டுத் துண்டைத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரை நிற்கவைத்து, துடைப்பத்தை இடது தோளில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னேன். தோளுக்கும் விரலுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன்.

"என்னாத்துக்கு இதெல்லாம் பண்ணிகினு இருக்க? ஷிப்ட் முடிஞ்சு வந்தா படேன்."

"கையை ஆட்டாம நில்லுங்க."

முதல் துண்டு கைப்பிடி வளைவில் பிளந்தது. மர ரேகை அங்கே குறுக்காக ஓடியதை நான் கவனிக்கவில்லை. உளியை வீசிவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொண்டேன். அவர் ஃபேனை வேகமாக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த துண்டை ரேகை பார்த்து வாங்கினேன். குழலும் இரும்புப் பாகமும் உட்காரும் பள்ளம்தான் உயிரை வாங்கியது. இரும்பில் கண்மை தடவி மரத்தில் அழுத்துவேன், கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் செதுக்குவேன், திரும்பவும் அழுத்துவேன். முழங்கையிலிருந்து தோள்வரை வலித்தது. பல நாள் சமைக்க மனமில்லாமல் மந்தாரக்குப்பத்திலிருந்து பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். அவருக்கு அது ஆகாது என்று தெரிந்தும்தான்.

கட்டை பொருந்தியதும் ஒரு ஞாயிறு காலை இருவரும் கிளப்புக்குப் போனோம். முதல் குண்டுகள் குறி அட்டையிலேயே படவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து ஒன்று அட்டையின் ஓரத்தைக் கிழித்தது. அவர் திரும்பினார்.

"கன்னத்துகிட்ட கொஞ்சம் உசரமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் உழைப்புக்கு இதுதானா பேச்சு?

"இனிமே என்னால உளியைத் தொட முடியாதுங்க."

"உன்னை யார் தொடச் சொன்னது? உப்புத்தாள் எங்க வெச்சிருக்க, அதைச் சொல்லு."

அன்று மத்தியானம் நான் படுத்துவிட்டேன். கூடத்தில் அவர் மரத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து வந்து பார்த்தால், நான் வழவழப்பாக வைத்திருந்த மேட்டில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. அவர் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார்.

என் கண்ணுக்கு அது சரியாகப் படவில்லை. டீ போடப் போனேன்.